பிரேக் அக்காவின் கறுப்புத் தேநீர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளை மாணவர்கள் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் அதைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு காபி வேண்டும். கடைசியில் வயிறு மக்கர் பண்ணியது.

“காபியை விடுங்க. இல்லேன்னா என்னைப் பாக்க வந்துக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர்.

கப்பலில் சமையல் பார்க்கும் அவள் தம்பி விடுமுறைக்கு வந்தபோது, அக்கா படும் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். உள்ளே தட்டுப் போல வட்டமாக, கன்னங்கரேலென்று ஏதோ இருந்தது.

“சீனத் தேயிலை அக்கா. புளிக்க வெச்சு, அழுத்தி, வருஷக்கணக்கா வெச்சிருந்து குடிப்பாங்க. பு-எர்னு பேரு.”

“வருஷக்கணக்காவா? விக்காம கிடந்ததை உன் தலையில கட்டிட்டாங்கடா!”

தம்பி சிரித்தான். எப்படிப் போடுவது என்று சொல்லாமலே கப்பலேறிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதோடு மல்லுக்கு நின்றாள். கத்தி வளைந்தது. சுத்தியலால் தட்டினால் தூள் பறந்தது. பூட்டு ரிப்பேர் செய்யும் அவள் கணவர் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தார்.

“கொடு இங்க. அடிச்சா எதுவும் திறக்காது.”

தன் மெல்லிய கம்பி ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பினார். இலைகள் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தன. அவள் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்து இறக்கினாள். ஒரு வாய் குடித்தவரின் முகம் அஷ்டகோணலானது.

“நனைஞ்ச சாக்குப்பை மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு வெளியே நழுவினார்.

அவள் தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினாள்.

“பால் ஊத்தினியா? ஐயோ அக்கா! கொதிக்கிற தண்ணிய ஊத்தி, உடனே கொட்டிடு. அது இலையைக் கழுவுறதுக்கு. மறுபடியும் ஊத்தி, கொஞ்ச நேரத்துலயே வடிச்சுக் குடி. அதே இலையில திரும்பத் திரும்பப் போடலாம்.”

அப்படியே செய்தாள். வந்த கறுப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் நாக்கில் கசப்பில்லை. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை. விழுங்கியபின் தொண்டையில் லேசாக ஓர் இனிப்பு தங்கியது. மறுபடி ஊற்றினாள், இன்னும் மிருதுவாக வந்தது. திரும்பி வந்த கணவர் வாசற்படியிலேயே நின்று மோந்து பார்த்தார்.

“எனக்கு இல்லையா?”

“சாக்குப்பைதானே, உங்களுக்கு எதுக்கு?”

அன்று மாலை முழுக்க இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். இலைதான் ஓயவில்லை.

பிறகு வெந்நீர்க் குடுவையும் சின்னக் கூஜாவும் பயிற்சிப் பள்ளிக்கும் போயின. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வெலவெலத்துப் போகும் ஒரு தையல்காரர் முன்னால், கழுவிய நீரை அவள் கொட்டினாள்.

“முதல் தண்ணி கொட்டுறதுக்குத்தான் அண்ணே. முதல் நாள் ஓட்டுறதும் அப்படித்தான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று வண்டி நிற்காமல் தெருமுனை வரை போனது.

தம்பி அடுத்த முறை இன்னும் முதிராத பச்சைத் தேயிலை வட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். பத்து வருஷம் வைத்தால் ருசி ஏறுமாம்; ஆனால் பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். சமையலறையில் தாளிக்கிற வாசனை, துணி அலமாரியில் சோப்பு வாசனை என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு, கடைசியில் கூடத்துப் புத்தக அலமாரியில் வைத்தார்கள். கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கை நீட்டுகிறார்.

“ஆயிடுச்சா?” என்று உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

“இன்னும் தூங்குது” என்பார்.