சுடாத கால்

என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற முதல் நாள் நான் கேட்டது இன்னும் என் காதிலேயே கிடக்கிறது. "இன்னாய்யா, இன்னொண்ண எந்தக் கடை வாசல்ல உட்டுட்டு வந்த?" அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "தெர்லமே. எங்கியோ கயண்டுகினு போயிருக்கும்" என்றார். தெரியவில்லையாம்! ஊதிக் காட்டு என்றுகூட நான் சொல்லவில்லை. நேராகத் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். குடிக்காத மனிதரை இரண்டு வருஷம் குடிகாரன் என்று திட்டியிருக்கிறேன். தெரு முழுக்கக் கேட்கும்படி. படியில் கால் தடுக்கினால் குடி, நடக்கும்போது பாதம் சப் சப்பென்று அடித்தால் குடி. என் வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

நான் விம்கோ நகரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் போர்டில் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று வரைந்து, உள்ளே நெளிவு நெளிவாகக் கோடு போட்டு, "மைட்டோகாண்ட்ரியா, செல்லின் ஆற்றல் நிலையம், எழுதிக்கோ" என்பேன். "நம்ம எண்ணூர்ல கரண்ட்டு எடுக்கிறாங்கல்ல, அது மாதிரி." மின் நிலையம் இருந்த இடத்தில்தானே இருக்கும்? இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நகரும் என்று பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். குழியில் முதலில் இறங்கும் மரியாதை என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு. மற்றவர்கள் நாலே எட்டில் ஓடிக் கடப்பார்கள். மாமனார் கடற்கரையில் காற்று வாங்குகிறவர் மாதிரி நடப்பாராம். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர். நடுக்குழியில் நின்று, தலையில் இருக்கிற கரகத்தைச் சரிசெய்துகொண்டு, பிறகு நடப்பார். பெண்கள் அவர் காலில் விழுந்து எழுவார்கள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெருமையாக நிற்பேன். குடிகாரனுக்கு இவ்வளவு அருளா என்று அம்மன் மேலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்ததுண்டு.

கடைசியாக அவர் தீ மிதித்த வருஷம், வீட்டுத் தரையெல்லாம் ஈரமாகக் கால் தடம். குங்குமத் தண்ணீர் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். உள்ளங்கால் தோல் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், வலிக்கலியாயா?"

"இன்னாத்துக்கு வலிக்கணும்? ஆத்தா கீறா."

புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சர்க்கரை இல்லை என்று தெரிந்ததும் நரம்புக்கு ஒரு டெஸ்ட், பிறகு ரத்தத்தை எங்கேயோ அனுப்பி இன்னொரு டெஸ்ட். கடைசியில் நரம்பு டாக்டர், ஒரு சின்ன வயசுப் பெண், எங்களை உட்காரவைத்தார். நான் அறிவியல் சொல்லித் தருகிறவள் என்றதும் ஒரு தாளை எடுத்து வரைந்தார்.

"முதுகுத்தண்டுகிட்ட ஒரு நரம்பு செல் இருக்கும்மா. அதுலேர்ந்து ஒரு இழை கால் கட்டைவிரல் வரைக்கும் போகுது. முழுக்க ஒரே செல்."

நான் போர்டில் ஒரு முழத்துக்கு வரைந்து முடித்துவிடுகிற செல், என் வீட்டுக்காரரின் இடுப்பிலிருந்து கால்விரல் வரை நீண்டிருக்கிறது. அந்த இழைக்குள் தண்டவாளம் மாதிரிப் பாதை உண்டாம். பெரும்பாலும் முதுகுத்தண்டு முனையில் உருவாகிற மைட்டோகாண்ட்ரியாவைச் சின்னச் சின்னப் புரதங்கள் அந்தப் பாதையில் அடிமேல் அடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகின்றன. எங்கே வேலை அதிகமோ அங்கே இறக்குகின்றன. தேய்ந்துபோனதைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. ஓயாமல், ஆள் தூங்கும்போதுகூட.

"அதை நகர்த்துற வேலையில சேர்ந்த ஒரு புரதம் இவருக்குப் பிறவியிலேயே கோளாறு. போய்ச் சேர வேண்டியது சேரல. ரொம்ப தூரத்துல இருக்கிற நுனிதான் முதல்ல பட்டினி கிடந்து சாகும். அதான் கால் விரல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நம்ம ஹார்பர் லைன் மாரியே கீதுமே. அங்க கப்பல் காத்துகினு கீது, இங்க வண்டி ரோட்ல நிக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த லைனில் நின்றால் டிரெய்லர் அடியில் அடுப்பு மூட்டிச் சோறாவது பொங்கலாம். துறைமுகக் கேட்டில் போய்க் கெட்ட வார்த்தையில் கத்தலாம். இதற்கு நான் யாரிடம் போய்க் கத்துவது?

"நகர வைக்க மருந்து?"

"இப்போதைக்கு இல்லம்மா. காயம் படாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒரு பொண்ணு இருக்குன்னீங்கல்ல? அதுக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

"தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

டாக்டர் வரைந்த தாளை மடித்தார்.

"அப்ப எனக்குத் தெரிய வாணாம்" என்று எழுந்துவிட்டேன். வாய்தான் வீரம். டோல்கேட் நிறுத்தத்தில் பஸ் ஏற முடியாமல் நின்று அழுதேன். வீட்டுக்காரர் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிளட்ச் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர் வண்டி ஓட்ட முடியாது. வேலை போயிற்று. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து முகம் பார்க்கும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கிறார், எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று. பட்ட காலிலே படும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பட்டதே தெரியாத காலுக்கு என்ன சொல்வார்களாம்?

மகளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை, செருப்பைப் பார்க்கிறேன். இரண்டும் இருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

இந்த ஆடியில் அவரால் குழியில் இறங்க முடியவில்லை. அந்த மரியாதைக்குப் பதிலாக, பால்குட ஊர்வலத்தில் மகளை முதல் ஆளாக விடச் சொல்லித் தெருப் பெண்கள் வந்தார்கள். வியாதியைச் சொன்னேன். "அட போக்கா, டாக்டருக்கு இன்னா தெரியும்? அப்பன் மேல இருந்த ஆத்தா இப்ப பொண்ணு மேல வந்துகீறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மகளுக்கும் ஆசை. நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஆடி வெயிலில் தார் ரோடு கொதிக்கும். வெறுங்காலோடு நடந்தால் துள்ளுவாள், அழுவாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எனக்கு எந்த டெஸ்டும் வேண்டாம். ஆத்தா, என் பொண்ணுக்குச் சுடணும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

உச்சிவெயிலில் வந்தார்கள். பின்னால் வந்த பெண்களெல்லாம் நிழலுக்கு நிழல் தாவினார்கள், ரோட்டின் வெள்ளைக் கோட்டில் கால் மாற்றிக் கால் வைத்தார்கள். என் மகள் முன்னால் நேராக நடந்து வந்தாள். "அப்பனாட்டமே நடக்குது பாரு" என்று குலவை போட்டார்கள்.

பால்குடம் வாசலுக்கு வந்தால் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். வேப்பிலை போட்டு ஒரு குடம் நிறைய வைத்திருந்தேன். தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் என் முன்னால் நின்றாள். குனிய முடியாது. பம்பைச் சத்தத்தில் தண்ணீர் விழுவதும் கேட்காது. அவள் பாதங்களில் ஊற்றினேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை. இன்னும் ஊற்றினேன். என் கையிலிருந்த குடம் காலியாகி, வேப்பிலை சாக்கடைப் பக்கம் மிதந்து போயிற்று. வாசலில் உட்கார்ந்திருந்த அவர் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் நேராகப் பார்த்தபடியே சொன்னாள். "சீக்கிரம் ஊத்துமா. எல்லாரும் பின்னாடி நிக்கிறாங்க."