அம்மாவின் படத்துக்கு நான் வாங்கிய மரம்

அம்மா இறந்தபோது எனக்கு ஒரு வயது. வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்த முகம் அக்காவின் நினைவில் மட்டும்தான் இருந்தது. அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஓவிய ஆசிரியை. எண்பதுகளின் நடுவில் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. பார்வை ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"பார்வை இருக்கும்போதே அம்மாவை வரைஞ்சிடறேன்டா. கேன்வஸ் கட்ட பெருசா ஒரு சட்டம் செஞ்சு குடு" என்றாள். நான் கிள்ளானில் தச்சன்.

இருவரும் மேருவில் ஒரு மரக்கடைக்குப் போனோம். கேன்வஸை இழுத்துக் கட்டும் சட்டத்துக்கு மரம் லேசாக இருக்க வேண்டும், ரேகை நேராக ஓட வேண்டும், முக்கியமாக நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மூலையில் லேசான, நன்றாகக் காய்ந்த பழைய ஜெலுத்தோங் மரம் வெளிறிப்போய், தூசி படிந்து கிடந்தது. பக்கத்தில் அன்றுதான் லோரியிலிருந்து இறக்கிய சிவப்பு மெராந்தி மரம். ஒரு முடிச்சுகூட இல்லை. அம்மாவுக்குப் போய் அழுக்குக் கட்டையா? மெராந்தியைக் கையில் எடுத்தேன்.

"ஈரமா இருக்கப் போவுது, தட்டிப் பாருடா" என்றாள் அக்கா.

"இருபது வருஷமா மரத்தோட மாரடிக்கிறேன், எனக்கே பாடமா? நீ பெயின்ட்ட பாரு லா."

இரண்டு கட்டைகளை மோதினால் போதும், காய்ந்தது கணீரென்னும். தினமும் செய்வதுதான். அன்று வீம்புக்குச் செய்யவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

அந்த மெராந்தியிலேயே சட்டம் செய்து கொடுத்தேன். நான்கு மாதம், மூக்கு கேன்வஸில் உரச உரச வரைந்தாள். அம்மாவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உதடு ஒரு பக்கமாகக் கோணிய குறும்புச் சிரிப்பு. வெட்கமில்லாமல் அழுதேன்.

வருஷக் கடைசிக்குள் அக்காவின் பார்வை முழுவதும் போய்விட்டது. மரமும் காய்ந்து முறுக்கிக்கொண்டது. சட்டத்தின் ஒரு மூலை சுவரைவிட்டு இரண்டு விரல் தூக்கி நின்றது. அக்காவிடம் சொல்லக் கூசி, படத்தை இறக்கி, பின்னால் குறுக்குக் கட்டை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். திருப்பினால், அம்மாவின் வாயைச் சுற்றி அப்பியிருந்த பெயின்ட் வெடித்துத் தூளாக உதிர்ந்திருந்தது. ஐயோ, பாவி!

"என்னடா சத்தம்?" அடுப்படியிலிருந்து அக்கா.

"சுத்தி விழுந்துச்சுக்கா."

"அம்மா நேரா இருக்காங்களா?"

"நேரா இருக்காங்கக்கா."

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த உதடு இடப்பக்கம் கோணியதா, வலப்பக்கமா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். எப்படிக் கேட்பேன்?