அந்தோனியாருக்கு எத்தனை மீற்றர்? பாதுவாவில் ஹோட்டல் எடுத்த கதை

இந்த மே மாதம் நானும் மனைவி ஜெசிந்தாவும் இத்தாலியில் உள்ள பாதுவாவுக்குப் போய் வந்தோம். புனித அந்தோனியாரின் கல்லறை இருக்கிற பழைய நகரம். டென்மார்க்கிலிருந்து அங்கே போக நினைக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் குறித்து வைத்து எழுதுகிறேன். ஊர் அருமையான ஊர். பிழை முழுக்க ஹோட்டல் எடுத்தவருடையதுதான். எடுத்தது நான்.

போனதற்குக் காரணம் என் நெஞ்சு. இரண்டு வருடங்களுக்கு முன் டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டியது. இரத்தக் குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் உள்ளே டொக்டர்மார் வேலை பார்க்க, ஜெசிந்தா வெளியே கதிரையில் இருந்து அந்தோனியாரோடு தனிப் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறாள். இந்த மனுசன் எழும்பி வந்தால் பாதுவாவுக்கு வந்து, உமது கல்லறையடிக்கு நடந்து போய் முழந்தாளிடுவேன் என்று நேர்த்தி. நான் எழும்பி வந்துவிட்டேன். அதற்குள் அவளுடைய வலது முழங்கால் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஆட்களைத் தூக்கி இறக்கிய கால். போன நவம்பரில் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஒரே தடவையில் நானூறு மீற்றருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது ஃபிசியோவின் கட்டளை. கால் நன்றாகச் சுகமானபின் போகலாம் என்றேன். "அந்தாளை இனியும் காக்க வைக்கேலாது" என்றாள். அவள் கத்தோலிக்கம், நான் சைவம். அவள் கும்பிடுவாள், நான் கார் ஓட்டுவேன் என்பதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். ஆகவே பயண ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

இங்கேதான் பிழை விட்டேன். முப்பது வருடமாக ஐரோப்பா முழுக்கத் திரிந்திருக்கிறேன், ஒரு ஹோட்டலிலும் படுத்ததில்லை. பரிஸில் மச்சாள் வீடு, சூரிச்சில் கூட்டாளி வீடு, லண்டனில் சித்தப்பா மகன் வீடு. எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: "ஸ்டேசனுக்கு வாங்கோ, நான் வந்து ஏத்துறன்." அதனால் எனக்குப் பயணம் என்றால் ஸ்டேசனோடு முடிந்தது. அதற்குப் பிறகு கார் வரும், சோறு வரும், பாய் விரிப்பார்கள். இந்தப் பழக்கத்தில் பாதுவா ரயில் நிலையத்திலிருந்து நூற்றைம்பது மீற்றரில் ஒரு ஹோட்டலைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு பதிந்தேன். ஓர் இரவுக்கு 78 யூரோ, இரண்டு இரவு, திருப்பித் தரமாட்டார்கள். அந்த ஊரில் எங்களை வந்து ஏற்ற ஒரு சீவனும் இல்லை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள். ஆகவே திங்கள் காலை 6.40க்கு ஹோர்சன்ஸில் ரயில் ஏறினோம். கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம். வெனிசுக்கு விமானம் இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து பாதுவாவுக்கு நேரடிப் பேருந்து, ஆளுக்குப் பத்து யூரோ, ஒரு மணித்தியாலம். மூன்றரைக்கு ஹோட்டலில் நின்றோம். அறை சுத்தம், லிஃப்ட் இருந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தா வரவேற்பில் இருந்த இளைஞனிடம் அந்தோனியார் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். இரண்டு கிலோமீற்றர், வாசலிலேயே ட்ராம் இருக்கிறது, பத்து நிமிடம் என்று அவன் சிரித்த முகத்துடன் சொன்னான்.

அறைக்கு வந்து அவள் கட்டிலில் இருந்தாள். பிறகு, "நான் ட்ராமில போகேலாது" என்றாள்.

"ஏன், ட்ராமுக்கு என்ன குறை?"

"படுத்தெழும்புற இடத்திலயிருந்து நடந்து வாறன் எண்டுதான் கேட்டனான்."

"ட்ராமால இறங்கிக் கொஞ்சம் நடக்கத்தானே வேணும்?"

"அது எந்த ஊர் நடை?" என்றாள். "பரவாயில்லை. விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டா மெல்ல மெல்லப் போயிடலாம்."

அவள் போயிருப்பாள். அதுதான் எனக்குப் பயம். இரண்டு கிலோமீற்றர் நடந்து அந்த மூட்டு வீங்கினால் ஓகஸ்டில் வேலைக்குத் திரும்பும் கதையே இல்லை. என் நெஞ்சுக்கு வந்த வருத்தத்துக்கு அவள் காலைக் கொடுப்பதா? வெட்கமாக இருந்தது. கோயிலடியில் ஓர் அறை பிடித்துவிட்டு வருகிறேன், இன்றிரவு அங்கே படுத்தால் அங்கிருந்து நடக்கலாம்தானே என்றேன். அந்தோனியார் அதற்குச் சம்மதிப்பாரா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

நாலேகாலுக்குத் தனியாக ட்ராம் ஏறினேன். இறங்கி ஒரு தெருவால் திரும்ப, கோயிலின் குவிமாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி நின்றன. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அவசரத்தையும் மறந்து. முதல் இரண்டு ஹோட்டலும் நிரம்பிவிட்டன. மூன்றாவதில் அறை இருந்தது, மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. நாலாவது ஒரு பக்கத்துத் தெருவில் சின்ன விடுதி. அதை நடத்தும் அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். அவரும் மேல்மாடி அறையைத்தான் காட்டினார். நான் என் முழங்காலைத் தொட்டு, வெட்டியதுபோல் கையால் கீறி, பிறகு கோயில் பக்கம் காட்டினேன். அவர் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். காலைச் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் உடுப்பு இஸ்திரி போட்டு அழுத்தும் அறை ஒன்று. அழுத்தும் மேசையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த கட்டிலை விரித்துக் காட்டினார். பக்கத்தில் இன்னொரு கட்டில் போடலாம் என்று விரலால் சொன்னார். ஓர் இரவுக்கு 94 யூரோ, காலைச் சாப்பாட்டோடு. அங்கிருந்து கோயில் வாசலுக்கு அடி அளந்து பார்த்தேன். ஏறக்குறைய 260 மீற்றர்.

திரும்பி வந்து ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு ட்ராமடிக்குப் போகும்போது, "இப்ப மட்டும் இதில ஏறலாமோ?" என்று சீண்டினேன்.

"படுக்க முந்தி எதிலயும் ஏறலாம்" என்றாள்.

செவ்வாய் காலை ஆறு ஐம்பதுக்கு வெளிக்கிட்டோம். பாதுவாவின் பழைய தெருக்களில் வீடுகளுக்குக் கீழே தூண் வைத்த கூரையுள்ள நடைபாதைகள் நீளத்துக்கு இருக்கின்றன. வெயிலும் மழையும் படாது, நிலம் சமதரை. கால் ஏலாதவர்களை நினைத்தே கட்டியதுபோல் இருக்கும். கடைசி எண்பது மீற்றர் மட்டும் கல் பதித்த சதுக்கம். அதில் அவள் ஊன்றுகோலை ஒவ்வொரு கல்லாகத் தேடி வைத்தாள். வழக்கமாக எங்கே போனாலும் நான் முன்னால் போய் நின்று கூப்பிடுகிற ஆள். அன்றைக்கு அரை அடி பின்னால் நடந்தேன். இரண்டு தரம் நின்று, பதினொரு நிமிடம்.

உள்ளே கல்லறைச் சிற்றாலயத்தின் சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்குச் சிற்பங்கள். துணி மடிப்பும் விரல் நகமும் கல்லில் தெரிகின்றன. சனம் வரிசையாகப் பின்பக்கம் போய், கல்லறையின் கரிய கல்லில் உள்ளங்கையை வைத்து நிற்கிறது. ஜெசிந்தாவும் கையை வைத்தாள். பிறகு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு காலை மடிக்கப் பார்த்தாள். மடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "ஏலாமக் கிடக்கு" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

நான் தோள் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு முழந்தாளிட்டேன். எங்கள் கோயிலில் விழுந்து கும்பிடுவேன், முழந்தாளிட்டுப் பழக்கமில்லை. செபமும் தெரியாது. ஜெசிந்தாவின் புருசன் வந்திருக்கிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். எழும்பப் பார்த்தபோதுதான் அறுபத்தொரு வயதின் கால்கள் எனக்கும் இருப்பது தெரிந்தது. அவள் ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை என் கக்கத்துக்குள் கொடுத்து, "ஏன், தோ, த்ரெ" என்று டெனிஷில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தூக்கிவிட்டாள். இல்லத்தில் கிழவர்களைத் தூக்கும்போது எண்ணுகிற எண்ணிக்கை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

அதன்பிறகு அந்த ஊரை ஆறுதலாகப் பார்த்தோம். ஐந்நூறு மீற்றருக்குள் ஒரு பெரிய வெளி, சுற்றிவர நீரோடை, கரை முழுக்கச் சிலைகள், ஆறி இருக்க நிறைய வாங்குகள். ஆட்கள் சைக்கிளில் திரிவதைப் பார்த்தால் டென்மார்க்தான், வெயில் மட்டும் நிசமான வெயில். கோப்பி ஒன்றரை யூரோ. புதன்கிழமை புறப்படும்போது விடுதிக்கார அம்மா காசு கேட்காமல் ஜெசிந்தாவுக்கு ஒரு பொதி பிஸ்கட் கட்டிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஹோட்டல் தளங்களில் 'நகர மையம்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், நீங்கள் எந்த வாசலுக்குப் போகிறீர்களோ அதிலிருந்து அளந்து பாருங்கள். பழைய நகரங்களில் பயணப் பெட்டி ஒரு நாள்தான் உருளும், கால் ஒவ்வொரு நாளும் நடக்கும். லிஃப்ட் இருக்கிறதா, நிலமாடி அறை கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். முக்கியமாக, கூட வருகிறவர் எங்கேயிருந்து எங்கே நடக்க நினைத்திருக்கிறார் என்று பதிவதற்கு முன் வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்டிருந்தால் 156 யூரோ மிச்சம்.

திரும்பி வரும் ரயிலில் ஹோர்சன்ஸ் கிட்டும்போது என் மனதில் கிடந்ததை ஜெசிந்தாவிடம் கேட்டேன். "முழந்தாளில நிண்டது நான்தானே. நேர்த்தி செல்லுமோ?"

"செல்லும்" என்றாள். "ஆனா இன்னொரு நேர்த்தி வைக்க என்னட்டைக் கால் இல்லை. குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ."

கைப்பையிலிருந்து நெஞ்சு மருந்துக் குளிசைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். அன்றைய குளிசை அதில் அப்படியே கிடந்தது.