சத்துக் குளிசையின் கோது

அந்தப் பச்சைப் போத்தலின் மூடியைத் திறந்தால் வெனிலாவும் ஈர வைக்கோலும் கலந்த ஒரு வாடை வரும். இப்போதும் யாராவது வெனிலா போட்ட கேக் வெட்டினால் எனக்குக் குமட்டுகிறது. பிறந்தநாள் வீடுகளில் "என்ன, டயட்டோ?" என்று கேட்கிறார்கள். ஓம் என்று தலையாட்டித் தப்பிக்கொள்கிறேன்.

ஐம்பது வயதை எட்டிய வருடம் எனக்கு ஒரு களைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. இரவு எட்டு மணிக்கே படுத்து, விடிய எழும்பினால் படுத்தபோது இருந்ததைவிடக் கூடுதலாகக் களைத்திருப்பேன். குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பன்விலைக்குப் போய், அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறுகிற பாதையில் நடந்தால்தான் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை வரும். பத்து வருடமாக ஏறிய ஏற்றம் அது. ஒருநாள் பாதிவழியில் மதகுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போகையில் "குட் மோர்னிங் டீச்சர்" என்றார்கள். பதிலுக்குக் கையை மட்டும் தூக்கினேன்.

பாடசாலையில் என்னைப் போலக் களைத்துப்போன இன்னொருத்தி இருந்தாள். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். முன்பு கொழுந்து பறிக்கப் போனவள், கூடை தூக்க முடியாமல் போனதும் சமையலுக்கு வந்துவிட்டாள். அவளுடைய மூத்த மகள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். இடைவேளையில் நான் சமையலறைக்குப் போவேன். எனக்கு ஒரு கதிரை போடுவாள், தான் விறகுக் குவியலில் உட்காருவாள். இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிப்போம்.

"டீச்சர், ஒங்களுக்கும் மேமூச்சு வாங்குதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. உனக்கு?"

"படி ஏறுனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது டீச்சர். டிஸ்பென்சரில ரத்தம் ரொம்பக் கொறைவுன்னுட்டாங்க. இந்தச் செவப்புக் குளிசைய விடாம குடிக்கணுமாம். விட்டா ஒரு நாளைக்கு எங்கயாச்சும் விழுந்து கெடப்பன்னு ஏசுனாங்க."

இடுப்பிலிருந்து குளிசை உறையை எடுத்துக் காட்டினாள். கீழ் இமையையும் இழுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஐயோ பாவம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் இமையை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் ஆசிரியை அல்லவா, எனக்கு வருவது வேலைப்பளு. இரத்தக்குறைவு தோட்டத்து லயங்களில் இருக்கிற ஆட்களுக்கு வருவது.

என்னுடைய களைப்புக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் என் மச்சாள், கணவருடைய அக்கா. பேராதனையில் இருக்கிறார். பென்ஷன் எடுத்த பிறகு பொழுதுபோகாமல் சத்துக் குளிசை விற்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்து, சொந்தக்காரர் எல்லோரையும் ஒரு வட்சப் குழுவுக்குள் இழுத்துப் போட்டிருந்தார். விடிந்தால் தாமரைப்பூவும் குளிசைப் போத்தலும் ஒரே படத்தில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து, சாப்பாட்டு மேசையில் அந்தப் பச்சைப் போத்தலை வைத்தார்.

"உமக்கு உடம்பில சத்தில்லை. அதுதான் சோர்வு. வேற ஒண்டுமில்லை."

"ஆஸ்பத்திரியில ஒருக்கா ரத்தம் சோதிச்சுப் பாப்பமெண்டு இருக்கிறன் மச்சாள்."

"அங்க போனா ஆயிரம் வருத்தம் சொல்லுவினம். இதைக் குடிச்சுப் பாரும். எல்லாம் இலை தழையில செய்தது."

கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா கொண்டுவந்த பொருளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இந்தப் பிறப்பில் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

அடுத்த கிழமை கண்டி டவுனில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் மண்ணிறத் துளிகளை விட்டார். "இதுதான் உங்கட ரத்தத்தில இருக்கிற நஞ்சு" என்றார். பிறகு ஒரு குளிசையை உடைத்துத் தூளைக் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அது அயடீன். விற்றமின் சி பட்டால் நிறம் போகும். அதே வித்தையைத் தேசிக்காய்ச் சாறு விட்டு என் வகுப்பிலேயே நான் செய்து காட்டியிருக்கிறேன். இது தெரிந்துகொண்டே நானும் கை தட்டினேன். பக்கத்தில் மச்சாள் தட்டினார், தட்டாமல் இருந்தால் என்ன நினைப்பார் என்று தட்டினேன். என் இரண்டு கைகளையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிகிறபோது அந்த டை கட்டிய ஆள் இன்னொன்றும் சொன்னார். இந்தக் குளிசை குடிக்கிற காலத்தில் இங்கிலீஷ் மருந்து எதையும் சேர்த்துக் குடிக்கக்கூடாதாம். குடித்தால் இதன் வேலை கெட்டுவிடுமாம். அதையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு மாதம் போனது. களைப்பு போகவில்லை. ஆனால் மச்சாள் கேட்டதற்காகக் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டேன்: "இப்ப எனக்கு நல்ல சுகம், முந்தியை விடச் சுறுசுறுப்பா இருக்கு." கட்டிலில் படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னது அது. எழும்பி உட்கார்ந்து பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. அதைக் கேட்டு என் சின்னம்மாவின் மகள் இரண்டு போத்தல் எடுத்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. நானோ மற்ற நாட்களிலும் மச்சம் மாமிசம் தொடாதவள். குளித்துவிட்டு ஈரக்கையோடு ஒரு குளிசையை எடுத்தேன், அதற்குள் தொலைபேசி அடித்தது. பேசி முடித்துப் பார்த்தால் உள்ளங்கையில் குளிசையின் வெளிக்கோது கரைந்து, சளி மாதிரி விரலில் இழுபட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். வெனிலாவுக்கு அடியில் வேறொரு வாடை, எலும்பு அவித்த தண்ணீரின் வாடை.

ஜெலற்றின். மாட்டின் தோலிலும் எலும்பிலும் காய்ச்சி எடுப்பது. அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஒரு மாதமாகக் காலையும் மாலையும், விரத நாள் உட்பட, திருநீறு பூசிய கையோடு நான் அதை விழுங்கியிருந்தேன். கழுவுதொட்டியில் குனிந்து ஓங்காளித்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை, பச்சைத் தண்ணீர்தான் வந்தது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன், நாக்கையும் வழித்தேன்.

மச்சாளுக்கு அழுதுகொண்டே போன் எடுத்தேன்.

"இதுக்கேன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். "கோதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத் தூளை மட்டும் தேத்தண்ணிக்குள்ள போட்டுக் குடியும். நானும் அப்பிடித்தான் குடிக்கிறன்."

"அப்ப உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"எல்லாத்தையும் சொல்லிக்கொண்டிருந்தா ஆர் வாங்குவினம்?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னபடிதான் செய்தேன். வாங்கி வைத்திருந்த புதுப் போத்தலை உடைத்து, நகத்தால் கோதைப் பிரித்து, தூளைச் சாயம் தடித்த தேத்தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கோதுகளைத் தும்புத்தடியால் தள்ளிக் குப்பைக்குள் போட்டேன். அந்தக் கோதைப் பற்றி எனக்கு இருந்த அருவருப்பில் கால்வாசிகூட உள்ளே இருந்த தூளைப் பற்றி இருக்கவில்லை.

பாதி குடித்த பழைய போத்தல் மிச்சமிருந்தது. என் ஈரக்கை பட்டு, இரண்டொன்று ஒட்டிக்கொண்டும் கிடந்தன. அதை அலுமாரியில் வைக்கவே எனக்குக் கூசியது. எறியவும் மனம் வரவில்லை. சமையல்காரிக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவள் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவள்தானே.

அதை நான் தர்மம் என்று நினைத்தேன். என் வாய்க்குத் தீட்டானதை ஒரு கடதாசிப் பையில் சுற்றிக் கொண்டுபோய், விறகுக் குவியலில் இருந்தவளின் மடியில் வைத்தேன்.

"இது விலையான சாமான் பிள்ளை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. களைப்பெல்லாம் போயிடும்."

இரண்டு கையாலும் வாங்கினாள். "ஐயோ டீச்சர், எனக்கா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தச் செவப்புக் குளிசைய நிப்பாட்டிறவா? அது குடிச்சா வயித்தப் பெரட்டுது, கறுப்பாப் போகுது" என்றாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். டை கட்டிய ஆள் என் வாய்க்குள்ளிருந்து பேசினார். "ரெண்டையும் ஒண்டாக் குடிக்கக்கூடாதாம். அதை விட்டிட்டு இதைக் குடி."

சரி என்று தலையாட்டினாள். அங்கேயே ஒன்றை எடுத்து, கையிலிருந்த தேத்தண்ணீரோடு விழுங்கினாள். வெனிலா வாசம் நல்லா இருக்கு என்று சிரித்தாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அதிபர் விடுமுறை தந்து அனுப்பினார். பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். அறிக்கையைப் பார்த்த இளம் டொக்டர், என் மகளின் வயதுதான் இருக்கும், என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஏதாவது மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்டாள். போத்தலை நீட்டினேன். திருப்பித் திருப்பி வாசித்தாள். இதில் இரும்பு பேருக்குத்தான் இருக்கிறது என்றாள். எதோடு குடிக்கிறீர்கள் என்றாள். தேத்தண்ணீரோடு என்றேன். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர் உள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது என்று மெதுவாக, படிக்காத ஒருத்திக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். வருடா வருடம் நான் பிள்ளைகளுக்கு எழுதிப்போடுகிற குறிப்பு அது. என்ன தொழில் என்று அவள் கேட்டபோது, வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

மருந்து கொடுக்கிற யன்னலில் ஒரு காகித உறை தந்தார்கள். உள்ளே சிவப்புக் குளிசை. சமையலறையில் அவள் எனக்குக் காட்டிய அதே குளிசை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு மாதமாக அதைக் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் பன்விலை பஸ்ஸைப் பிடிப்போம் என்றுதான் முதலில் நினைத்தேன். களைப்பாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சமையலறையில் அவளுடைய மகள் பானையைக் கிண்டிக்கொண்டு நின்றாள். பள்ளிச் சீருடைக்கு மேல் ஒரு பழைய சேலைத் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"அம்மா முந்தாநாள் லயத்துப் படியில மயங்கி விழுந்துட்டாங்க டீச்சர். மண்டையில தையல். ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்துறாங்க."

பாடசாலை விட்டதும் பார்க்கப் போனேன். வார்டில் அவள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். கையில் ஊசி, தலையில் கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், நல்லா ஏச்சு வாங்கினேன்" என்று அவளே தொடங்கினாள். "ரத்தக் குளிசைய ஏன் நிப்பாட்டுனன்னு கேட்டாங்க. யாரு நிப்பாட்டச் சொன்னாங்கன்னு பெரிய டாக்டரும் கேட்டாரு. தோட்டத்து ஆளுங்களுக்கு எத்தன தரம் சொன்னாலும் மண்டையில ஏறாதுன்னு நர்ஸம்மா கத்துனாங்க."

என் பக்கம் சரிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நானாத்தான் நிப்பாட்டுனேன்னு சொல்லிட்டேன். டீச்சர் குடுத்தீங்கன்னு மூச்சு விடல. நீங்க பயப்படாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது அழுகை அல்ல. நெஞ்சுக்குள் ஒன்று இறங்கினாற்போல ஒரு நிம்மதி வந்தது. இனி என்னை யாரும் கேட்கப் போவதில்லை என்ற நிம்மதி. கழுவுதொட்டியில் குனிந்த அந்த வெள்ளிக்கிழமைகூட எனக்கு என்மேல் இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

நர்ஸ் நாலு கட்டில் தள்ளித்தான் நின்றார். எழும்பிப் போய், கொடுத்தது நான், நிறுத்தச் சொன்னதும் நான், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாலு கட்டில் தூரம். குண்டசாலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.