மைனி திருப்பித் தராத ஆனைப்புளி ஓடு

கோட்டாற்றில் ஒரு மாடி வீட்டில் என் ஓடு மாட்டிக்கொண்டிருக்கிறது. கூரை ஓடு இல்லை, தேங்காய்ச் சிரட்டையும் இல்லை. ஆனைப்புளிக் காயை இரண்டாகக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே இருக்கும் சுணையைத் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவின ஓடு. ஒரு ஆள் குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் குப்பையில் போடுவார்கள். அது திரும்பி வருமா என்றுதான் மாசி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு கொத்து கறிவேப்பிலை, அதுவும் இல்லையென்றால் இரண்டு பச்சை மிளகாய். வெறும் பாத்திரம் போனால் அந்த வீட்டோடு உள்ள போக்குவரத்தும் அதோடு போயிற்று என்று அர்த்தம்.

மைனி, அதாவது அண்ணி, என்று நான் சொல்வது பக்கத்து வீட்டுக்காரியை. எனக்கும் அவளுக்கும் உறவு கிடையாது, நடுவில் ஒரு மதில்தான். எங்கள் இரண்டு பேரில் யார் மூத்தவள் என்று இன்றுவரை தீரவில்லை. அவள் என்னை மைனி என்பாள், நான் அவளை மைனி என்பேன். இரண்டு பேருமே தான்தான் இளையவள் என்று சாதித்தோம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அந்த வழக்கு நடக்கிறது.

ஆனைப்புளி மரம் என் வளவுக்குள், அந்த மதிலை ஒட்டி நிற்கிறது. நான் வாக்கப்பட்டு வந்தபோதே அது கிழடு. அடிமரம் ஆனையின் காலைப்போல் சாம்பல் நிறத்தில் சுருக்கம் விழுந்து இருக்கும். மாசி, பங்குனியில் இலை எல்லாம் உதிர்ந்து, வேரைப் பிடுங்கித் தலைகீழாய் நட்டதுபோல் நிற்கும். காய் நீளக் காம்பில் தொங்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ எலியைப் பிடித்து வாலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் தோன்றும். பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வர யோசிப்பார்கள் என்று என் மாமியார் வருத்தப்படுவாள். என்னைப் பார்க்க வந்தபோது மரம் என் மாமியார் வீட்டில் இருந்தது, அதனால் தப்பித்தேன். இல்லாவிட்டால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் மகள் படித்து முடித்து அங்கேயே வேலையில் இருக்கிறாள். ஒருநாள் போனில் முகத்தைக் காட்டிப் பேசினாள்.

"ஆச்சி, நம்ம மரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தெரியுமா? பேயோபாப்."

"பேயோ பாப்பாவோ? ரெண்டுல ஒண்ண உறுதியாச் சொல்லு மக்கா."

"ஐயோ ஆச்சி! இங்க அந்தக் காயைப் பொடியாக்கி டப்பால போட்டு விக்காங்க. வயித்துக்கு நல்லதாம், தோலுக்கு நல்லதாம், உடம்புக்குச் சத்தாம்."

"பேச்சுத்தொணைக்கு நல்லதுன்னு டப்பால போட்டிருக்கா, பாரு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மீட்டிங் இருக்கிறது ஆச்சி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள். போன் இருட்டாகி, கண்ணாடிபோல் என் முகத்தைக் காட்டியது. பேயும் பாப்பாவும் சேர்ந்து இருந்தது. நான் நேரே மதிலுக்குப் போய் மைனியிடம் சொன்னேன். அன்று முழுக்க அவள் அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம், "பேயோ பாப்பாவோ" என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவில் எழுதியிருப்பது எங்களுக்கு முன்னாலேயே தெரியும். காய் பழுத்து விழுந்தால் உள்ளே வெள்ளையாய், சுண்ணாம்புக் கட்டிபோல் காய்ந்து இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்துப் பிசைந்து, நாரையும் கொட்டையையும் அரித்து எடுத்துவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டால் வெயிலுக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. வயிறு கோளாறு பண்ணினாலும் அதுதான். சாளை மீன் குழம்புக்குப் புளி போதாவிட்டால் இதைக் கரைத்து ஊற்றுவேன், மைனியும் வாங்கி ஊற்றுவாள். மைனி வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அந்தக் குழம்பைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு மதிலுக்கு அந்தப் பக்கத்துப் புளியா?" என்று கேட்பாராம். கண்டுபிடித்துவிடுவார். கொட்டையைச் சும்மா வாயில் போட்டு ஊறவைத்துச் சப்பிக்கொண்டே இருக்கலாம். பல் இல்லாதவளுக்கு அதுதான் மிட்டாய். மீதிக் கொட்டையை வறுத்துத் தின்கிறவர்களும் உண்டு, அதற்குப் பல் வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது ஓடு. அந்த ஓட்டில்தான் நான் மைனிக்குப் புளித்தண்ணீர் ஊற்றி மதில்மேல் வைப்பேன். அவள் குடித்துவிட்டு ஓட்டில் எதையாவது போட்டுத் திருப்பி வைப்பாள். இரண்டு பிச்சிப்பூ இருக்கும். ஒரு துண்டு மாங்காய் இருக்கும். என்மேல் கோபமாக இருந்தால் ஒரு கல் உப்பு மட்டும் இருக்கும். ஒருநாள் ஓடு வெறுமையாகத் தெரிந்தது. மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஏட்டி மைனி! வெறும் ஓட்டையா வச்சிருக்க?"

"நல்லாப் பாரு மைனி. நாலு எறும்பு பிடிச்சுப் போட்டிருக்கேன்லா. நடந்து போயிருக்கும், நான் என்ன செய்ய?"

போன தை மாதம் மைனி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பித்தது, ஆனால் அவள் மகன் பயந்துவிட்டான். இனி அம்மை தனியாக இருக்க வேண்டாம் என்று கோட்டாற்றில் அவன் இருக்கும் பிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் காரோடு வந்து நின்றான். நல்ல பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம்.

நான் ஓடிப்போய் ஒரு ஓடு நிறைய ஆனைப்புளியைக் கட்டியாகவே போட்டு, மேலே ஒரு துண்டு கருப்பட்டி வைத்து, கார் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தேன்.

"ஓட்டைத் திருப்பித் தந்திரணும், கேட்டியா?"

"தாறேன் மைனி. இந்த ஓட்டை வச்சு நான் கோட்டையா கட்டப் போறேன்?"

அழுவோம் என்று பயந்துதான் அப்படிப் பேசினோம். கார் போன பிறகு அவள் மகன் பூட்டின பூட்டை நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தான்.

அதற்குப் பிறகு காய் உதிர்கிற காலம் வந்தது. மத்தியானம் தெருவே உறங்கும்போது தொப்பென்று ஒன்று விழும். எப்போதும் அந்தச் சத்தம் கேட்டதும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "விழுந்தது காயா, நீயா மைனி?" என்று கேட்பாள். இப்போது காய் விழும், நான் பதில் சொல்ல வாயைத் திறப்பேன், கேள்வி வராது. திறந்த வாயைச் சும்மா மூடக் கூடாது என்று ஒரு கொட்டையைப் போட்டுக்கொள்வேன். புளித்தண்ணீர் கலக்கினால் கை பழைய அளவுக்கே கலக்கிவிடும். இரண்டாவது பங்கை மரத்தடியில் ஊற்றுவேன். அதன் பழத்தை அதற்கே கொடுக்கிற பைத்தியக் கோட்டி நான் ஒருத்திதான்.

அவள் மகனுடைய போனில் மைனியோடு பேசுவேன். மகனும் மருமகளும் பக்கத்தில் இருப்பார்கள். அதனால் சுகமா, சுகம், சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதற்குமேல் போகாது. எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. ஓட்டைத்தான் கேட்டேன்.

"ஓடு எங்கட்டி?"

"இருக்கு மைனி. தாறேன்."

அடுத்தமுறையும் அதே பதில். அதற்கடுத்த முறையும் அதேதான். எனக்குக் கோபம் வந்தது. கோட்டாற்றில் கறிவேப்பிலைக்கா பஞ்சம்? எதையாவது போட்டுக்கொண்டு வரத் தெரியாதா? நான் போகலாம்தான். ஆனால் மகன் வீட்டில் இருக்கிறவளை, அவர்கள் வா என்று விளிக்காமல், போய்ப் பார்த்தால் மருமகள் என்ன நினைப்பாள் என்று ஒரு மானம். வயதானால் முட்டியில் பலம் போகிறது, மானத்துக்கு மட்டும் பலம் ஏறுகிறது.

பங்குனியில் ஒருநாள் பக்கத்து வீட்டில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புப் போடாமலே ஓடினேன். மைனி இல்லை. மகனும் கூட ஒரு ஆளும் நின்றார்கள். அந்த ஆள் டேப்பை இழுத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

"என்ன மக்கா, அளவு எடுக்கிய?"

"வீட்டை விக்கலாம்னு இருக்கோம் அத்தே. அம்மை இனி அங்கனதான். பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிரும்லா."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். ஓட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பாளோ என்று. அதுவரை அது வரவேண்டும் என்று காத்திருந்தவள், அந்த நிமிஷம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவன் கொண்டுவந்து தந்துவிட்டால், அவள் வரமாட்டாள் என்பது முடிவாகிவிடும். நல்லவேளை, அவன் கையில் சாவி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். இன்னொரு ஓட்டில் ஆனைப்புளியை நிரப்பித் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். என் சாமானத்தை நான் கேட்கப் போகிறேன், அதற்கு யார் விளிக்க வேண்டும்? மானத்துக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லாத பஸ். கண்டக்டர், "பாட்டி, மடியில என்ன, குழந்தையா?" என்று கேட்டான்.

"பேயோ பாப்பாவோ, எனக்கே தெரியல்ல மக்கா."

அவன் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டான்.

கோட்டாற்றில் கடைத்தெரு நெரிசலில் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது மாடி. லிப்ட் இருந்தது, எனக்கு அதில் ஏறப் பயம். படியில் நின்று நின்று ஏறினேன். மருமகள் பேங்க் வேலைக்குப் போக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "வாங்க அத்தே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், காப்பி போட்டுத் தந்துவிட்டுத்தான் போனாள். இத்தனை நாள் நான் காத்த மானத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மைனி ஜன்னல் கம்பி ஓரம் நாற்காலியில் இருந்தாள். உடம்பு தேறியிருந்தது. சீவிய தலை, துவைத்த சேலை. பக்கத்தில் என் ஓடு. கழுவித் துடைத்து, பளபளவென்று, உள்ளே ஒன்றுமே இல்லாமல்.

"கொண்டா என் ஓட்டை."

"தரமாட்டேன்."

"ஏன்ட்டி? கள்ளி!"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"வெறும் ஓட்டை எப்பிடி மைனி தர? இங்க எதைத் தொட்டாலும் மருமகளுக்க சாமானம். கேட்டா தருவா, வேண்டாம்னு சொல்ல மாட்டா. ஆனா ஒரு கறிவேப்பிலைகூட நான் நட்டது இல்ல, ஒரு பூகூட நான் பறிச்சது இல்ல. எனக்குன்னு எதைப் போட்டுத் தர?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அதுக்கென்னட்டி, நாலு எறும்பு பிடிச்சுப் போடு."

மைனி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது மாடிக்கு எறும்புகூட ஏறி வரமாட்டேங்கு மைனி."

வீடு விற்கப் போவது அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். அவளும் பேச்சை எடுக்கவில்லை. நான் அடுக்களைக்குப் போய், கொண்டுவந்த புளியை ஊறவைத்துப் பிசைந்தேன். கருப்பட்டி இல்லை, சீனிதான் இருந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டில் ஊற்றிக் குடித்தோம். "சீனி போட்டு நாசமாக்கிட்டியே" என்று திட்டிக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே போகிற ஆட்களைப் பார்த்து, யார் நடை யாரைப்போல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

புறப்படும்போது அவள் இரண்டு ஓட்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் கம்பியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கை அசைக்கவில்லை. கையில் ஓடு இருந்திருக்கும்.

திரும்புகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர். "என்ன பாட்டி, மடி காலியா இருக்கு? கோட்டாறு வந்துட்டு ஒண்ணும் வாங்காமப் போறிய?"

"சாமானம் குடுத்து வச்சிருக்கேன் மக்கா. வாங்க வரணும்."

பக்கத்து வீட்டு வாசலில் இப்போது விற்பனைக்கு என்று போர்டு தொங்குகிறது. மரத்தில் காய் குறைந்துவிட்டது. என் அடுக்களையில் எறும்பு வரிசை வரிசையாகப் போகிறது. நாலைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு மைனிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். தீப்பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு யோசித்தேன். அவள் அதை ஓட்டில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டால், நான் எதைச் சொல்லிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவது? தீப்பெட்டியை அடுப்பு மேட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.