பூசணிக்காயில் வளர்த்த குளவிகள்

தொண்ணூறுகளின் நடுவில் என் பேட்டை வீட்டுப் பின்னறையில் இருபது பூசணிக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் குழம்புக்குப் போகவில்லை. அத்தனையின் மேலும் எலுமிச்சை மரத்துச் செதில் பூச்சியை ஏற்றி வளர்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவனுக்கு இந்தக் கிறுக்கு இருக்கலாம். வீட்டிலிருந்தவர்கள் பொறுத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம்.

எல்லாம் அக்காவுக்காக. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே அவள் வீட்டுக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. இலை, கொப்பு, காய் எங்கும் செந்நிறப் பொட்டுகளாகச் செதில் அப்பி மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மருந்தடித்தால் செதில் கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் அதைத் தின்கிற குளவி அடியோடு செத்துப்போகும். பிறகு செதில் முன்னைவிட அதிகமாக வரும். "இந்த வருசமும் காய் தேறலைன்னா தோட்டத்தைத் தம்பி மகன் கையில குடுத்துருவேன்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அவர் தம்பிக்கு மகன் இருந்தான். அக்காவுக்கு மூன்றும் பெண்கள். மூவரையும் அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் படிக்க வைக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

நான் சொல்லும் குளவி கொட்டாது. கடுகில் பாதிகூட இராது, மஞ்சள் நிறம். செதிலின் ஓட்டுக்கடியில் முட்டையிடும். அதன் புழு செதிலைத் தின்று வளரும். பூசணியில் செதில், செதிலில் குளவி என்று பெருக்கித் தோட்டத்தில் விடுவது என் திட்டம். அறையைக் குளுமையாக வைக்க ஈரச் சாக்கும் மின்விசிறியும் இருந்தன. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் போனதுதான். அந்தச் சூட்டில் செதில்கள் மளமளவென்று முற்றின, நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். குளவிகளும் ஏராளமாக வெளிவந்தன. அத்தான் வைத்த கெடுவின் அவசரத்தில் ஒன்றைக்கூட லென்சில் பார்க்காமல் புட்டிகளில் அடைத்து, முதல் பஸ்ஸில் கொண்டுபோய் மரங்களில் விட்டேன்.

"ஏலே, எம்புட்டு பறக்கு பாரு!" என்று அக்கா கைதட்டினாள்.

ஆடிச் சாரலில் போய்ப் பார்த்தபோது ஒரு குளவி இல்லை. செதில் அப்படியே இருந்தது. அக்கா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து, பழைய புட்டிகளின் அடியில் செத்துக் கிடந்த குளவிகளைத் தட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஏறக்குறைய எல்லாமே ஆண்.

தாய்க் குளவி செதிலை அளந்து பார்த்துத்தான் முட்டையிடும். பெரிய செதில் என்றால் பெண் முட்டை, சிறியது என்றால் ஆண் முட்டை. வெக்கையில் அவசரமாக முற்றிய செதில் உடம்பு பெருக்காமலே முற்றிவிடுகிறது. என் பூசணிகளில் இருந்ததெல்லாம் அந்தச் சின்னச் செதில்கள். தோட்டத்தில் போய் முட்டையிடப் பெண்ணே இல்லை.

மறுநாள் அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அப்போ அம்புட்டும் பயலுவளா?"

"ஆமாக்கா."

"அதான் வெளங்காமப் போச்சா?"

சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. மூன்றாவதும் பெண் என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரியில், "சரி விடுக்கா, அடுத்தது பயலாப் பொறக்கும்" என்று அவளிடம் சொன்னவன் நான். அதை ஆறுதல் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா அத்தானோடு சண்டை போட்டு இன்னும் ஒரு வருடம் தவணை வாங்கினாள். ஐப்பசி மழையில் பின்னறை தானாகக் குளிர்ந்தது. செதில்கள் நிதானமாகப் பெருத்தன. இந்தத் தடவை குளவிகளை லென்சில் பார்த்த பிறகே புட்டியில் அடைத்தேன். மரங்கள் தேறியதும் மூன்று பெண்களும் பட்டம் வாங்கியதும் பிற்பாடு நடந்தவை. எனக்கு மறக்காதது கார்த்திகைக் கடைசியில் புட்டிகளோடு போய் நின்ற அந்தக் காலைதான். மூன்று பெண்களும் மரத்தடியில் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி அத்தான். அக்கா ஒரு புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவர் காதில் விழும்படி கேட்டாள்.

"லே, இதுல பொட்டப்பிள்ளைய எத்தனை?"

"முக்கால்வாசிக்கா."

"அப்ப தோட்டம் பொழச்சிரும்" என்று சொல்லி, அத்தானைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறந்தாள்.