கப்பலேறிய குப்பை எங்கே இறங்கியது?

எங்கள் அட்டை மில்லுக்குச் சரக்கு அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பொய்யன். வேஸ்ட் பேப்பர் என்று எழுதி ஆஸ்பத்திரிக் கழிவை அனுப்பினான். அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று சொன்ன நம் அதிகாரிகளையும் நான் நம்பவில்லை.

2005 வாக்கில் தேனிக்குப் பக்கத்தில் அந்த மில்லில் யார்டு சூப்பர்வைசராக இருந்தேன். தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னரில் பேல் வரும். பேல் என்றால் கம்பி போட்டு இறுக்கிய காகிதக் கட்டு. ஓடைப்பட்டிப் பெண்கள் அதைப் பிரித்துத் தரம் பார்ப்பார்கள். கம்பியை யார் வெட்டுகிறாளோ, உள்ளே கிடக்கும் பேனா, பொம்மை, வெளிநாட்டுக் காசு எல்லாம் அவளுக்கு. இது யார்டு வழக்கம். அதனால் கம்பி தெறித்ததும் கையை விட்டுத் துழாவுவார்கள். கிளவுஸ் போட்டால் காசு தட்டுப்படாது என்று கழற்றிவிடுவார்கள். செலவு மிச்சம் என்று மேனேஜர் கண்டுகொள்ளவில்லை.

அன்று கம்பியை வெட்டியவள் பாண்டியம்மாள்.

"இன்னைக்கு ஒனக்குத் தங்கச் சங்கிலிதேன்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பாதி ஒனக்குத் தாரேன், வாய மூடு" என்றபடி முழங்கை வரை கையை விட்டவள், "ஆத்தாடி!" என்று இழுத்தாள். உள்ளங்கையில் ஊசி தொங்கியது. பேலைப் பிளந்தோம். மேலே இரண்டு அடுக்குக் காகிதம். உள்ளே முழுக்கச் சிரிஞ்சு, டிரிப் பாட்டில், ரத்தம் காய்ந்த கட்டுத்துணி.

சுங்கத்துறை அதிகாரி வந்தார். "நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கு. அனுப்பினவனே திரும்ப எடுத்துக்கணும். கடல்ல கொட்டக் கூடாது" என்றார். எல்லாவற்றையும் திரும்பக் கட்டச் சொன்னார்.

"குத்துன ஊசிய மட்டும் விடுங்க சார், இவளுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் கேக்குறாக" என்றேன்.

"ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. அங்க டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் அனுப்புவாங்க."

கன்டெய்னருக்கு சீல் வைத்துக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். ரிப்போர்ட் வரவில்லை. பாண்டியம்மாளின் கை வீங்கி விரல்கள் மடங்காமல் போயின. ரத்தப் பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை. ஊசியில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் வைத்தியம் என்றார்கள். பயந்துபோன வீட்டார் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள்.

அவளை அதே அதிகாரியிடம் கூட்டிப் போனேன்.

"கப்பல் அங்கன போய்ச் சேந்துச்சாய்யா?"

"நம்ம எல்லையத் தாண்டிருச்சும்மா."

"சேந்துச்சான்னுதேன் கேட்டேன்."

"அத அந்த நாடுதான் சொல்லணும். நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "நடுக்கடல்ல தள்ளிருப்பானுகண்ணே. வேண்டாம்னு அனுப்புனத வீடு வரைக்கும் தூக்கிட்டுப் போக அவனுகளுக்கென்ன கிறுக்கா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'திருப்பி அனுப்பிவிட்டோம்' என்றால் தலையாட்டாதீர்கள். எங்கே இறங்கியது என்று கேளுங்கள்.

நான் இப்போது கேட்கிறேன். அனுப்பிய கம்பெனியும் கப்பலேற்றிய அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, பாண்டியம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்து, மைக்கில் சொல்லட்டும். அந்தக் கன்டெய்னர் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? அந்த ஊசியில் என்ன இருந்தது?